மலேசியாவில் குடும்பத்தோடு கேம்பிங்: கிளம்பும் முன் எதை முதலில், எதை அப்புறம் செய்வது

பள்ளி லீவு நெருங்கினால் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் வந்து, "டென்ட் வாங்கிட்டேன்க்கா, அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்பார். வரிசை அங்கேயே தப்பிவிடுகிறது. டென்ட் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். பல குடும்பங்களுக்கு அதை வாங்கவே தேவையிருக்காது.

நாங்கள் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் இரண்டு முறை மலேசியாவில் டென்ட் போட்டுத் தங்கி வந்தோம். அதற்கப்புறம் தெரிந்த நான்கைந்து குடும்பங்கள் கிளம்பும்போது கூட இருந்து மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் முறை வெளிநாட்டில் டென்ட் போட மலேசியா நல்ல இடம்: சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானம், போன இடமெல்லாம் தமிழ் பேச ஆள், நம் சமையலுக்கு வேண்டிய எல்லாமே கடையில் கிடைக்கும்.

1. இடத்தை முடிவு செய்யுங்கள் (நான்கு மாதம் முன்னால்)

கோலாலம்பூரிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் ஜண்டா பாயிக், ஹுலு லங்காட், குவாலா குபு பாரு பக்கமெல்லாம் தனியார் நடத்தும் கேம்ப் தளங்கள் நிறைய இருக்கின்றன. குளிர் வேண்டுமென்றால் கேமரன் மலை. சின்னப் பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்கள், கார் டென்ட் பக்கத்திலேயே நிற்கிற இடமாகப் பாருங்கள். இடி மின்னலோடு மழை வந்தால் டென்ட் பாதுகாப்பு தராது, கதவை மூடிய கார் தரும். காரணம் அவ்வளவுதான், ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு அது பெரிய காரணம்.

அழகான போட்டோவைப் பார்த்து மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை, சிலாங்கூர் மாநிலம் பத்தாங் காலியில் ஒரு கேம்ப் தளத்தின் மேல் மண் சரிந்து, டென்ட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அந்த இடத்துக்குக் கேம்ப் நடத்த உரிமம் இல்லை என்பது அப்புறம்தான் வெளியே வந்தது. அதனால் நான் இடத்துக்காரரிடம் மூன்று கேள்வி கேட்காமல் எதையும் முடிவு செய்வதில்லை: உரிமம் இருக்கிறதா, டென்ட் போடுகிற இடத்துக்கு மேலே மண் சரிவோ வெட்டிய மலையோ இருக்கிறதா, ஆறு எவ்வளவு தள்ளி, எவ்வளவு கீழே ஓடுகிறது. பெரும்பாலான தளங்களில் வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்கிறார்கள். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

கழிவறையும் அந்த வீடியோவில் வர வேண்டும். என் மாமியாருக்கு மூட்டு வலி, கீழே உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது. அங்கே பல தளங்களில் இந்திய வகைக் கழிவறைதான். வயதானவர்களைக் கூட்டிப் போகிற குடும்பங்கள் இதைப் போய் இறங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கின்றன.

இடம் உறுதியானதும் தேதி. கிழக்குக் கடற்கரைப் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை, அரையாண்டு லீவில் அங்கே டென்ட் போட நினைக்காதீர்கள். நம் ஏப்ரல், மே லீவில் மேற்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி மழை அடிக்கடி வரும். போகக் கூடாது என்பதில்லை, மத்தியானத்துக்குள் டென்ட் போட்டு முடிக்கிற மாதிரி நாளைத் திட்டமிட வேண்டும். இன்னொன்று, சனி ஞாயிறும் அவர்களுடைய பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் தளம் நிரம்பி, பாட்டுச் சத்தத்தில் தூங்க முடியாது. திங்கள் முதல் வியாழன் வரை தேதி எடுத்தால் இடமும் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும்.

2. பாஸ்போர்ட்டில் பெயர், தேதி இரண்டையும் பாருங்கள்

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம் என்பதால் பிள்ளைகளுடையதும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். மலேசியாவுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். ஐந்து மாதம் இருபது நாள் இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

குழந்தைக்குப் புதிதாக எடுக்க, அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்ட இணைப்பு டி (Annexure D) என்ற ஒப்புதல் படிவம் வேண்டும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். வடசென்னையில் இருப்பவர்களுக்கு அமைந்தகரை சேவை மையம் போக வர வசதி, ஆனால் லீவு சமயத்தில் தேதி சீக்கிரம் நிரம்பிவிடும்.

பெயர் விஷயம் நமக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும், அவர் மனைவிக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், பிள்ளைக்கு இனிஷியலோடு சேர்த்து எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்கும். நான்கு பாஸ்போர்ட்டையும் தரையில் வரிசையாக விரித்து வைத்து, அச்சிட்டிருக்கிற எழுத்து அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிக்கெட், வருகை அட்டை, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெயர் அடிக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு எப்படி அடிப்பது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

3. டிக்கெட், முதல் ராத்திரி அறை, வருகை அட்டை

இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31 வரை விசா விலக்கு கொடுத்திருக்கிறது, 30 நாள் வரை தங்கலாம். விசா இல்லை என்பதால் கேள்வியும் இல்லை என்று நினைக்க வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடம், செலவுக்குப் பணம் இந்த மூன்றையும் காட்டச் சொல்வார்கள்.

இங்கேதான் கேம்பிங் போகிறவர்களுக்குச் சிக்கல். கேம்ப் தளத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த ரசீது மட்டும் கையில் இருந்தால் அதிகாரிக்கு அது விளங்காது, முகவரியும் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சொன்ன முகவரியாக இருக்கும். அதனால் முதல் ராத்திரிக்கும் கடைசி ராத்திரிக்கும் கோலாலம்பூரில் சாதாரண ஓட்டல் அறை ஒன்று போட்டுவிடுங்கள். பேப்பருக்காக மட்டும் சொல்லவில்லை. சென்னையிலிருந்து பல விமானங்கள் நடு ராத்திரியை ஒட்டிக் கிளம்புகின்றன, அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். தூங்காத கண்ணோடு மலைப்பாதையில் கார் ஓட்டுவது ஆபத்து. கடைசி ராத்திரி அறை, ஈர டென்ட்டை உலர்த்தவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும்.

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசு தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

4. எதைக் கொண்டுபோவது, எதை அங்கே வாடகைக்கு எடுப்பது

நான்கு பேர் படுக்கிற டென்ட் ஐந்து கிலோவுக்குக் குறையாது. நான்கு ஸ்லீப்பிங் பேக், நான்கு பாய், சமையல் சாமான் சேர்த்தால் லக்கேஜ் அளவில் பாதி அதிலேயே போய்விடும். டென்ட், நாற்காலி, மேசை, அடுப்பு ஆகியவற்றைப் பல தளங்கள் வாடகைக்குத் தருகின்றன. முதல் முறை அப்படியே எடுங்கள். பிடித்திருந்தால் அடுத்த முறை சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் சிலவற்றை வாடகையில் நம்ப முடியாது. தலையில் மாட்டுகிற டார்ச், ஆளுக்கு ஒன்று. பாரிமுனையில், பர்மா பஜார் பக்கம் விலை குறைவு, கடையிலேயே ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். படுக்க மெத்தென்ற பாய். ஒரு நல்ல தார்ப்பாய், பத்துக்குப் பன்னிரண்டு அடி. இருபது மீட்டர் கயிறு. நான் கயிறு வாங்கியது காசிமேட்டில், வலைச் சாமான் கடையில்.

அந்தக் கடையில் நின்றிருந்த படகுக்கார அண்ணன் ஒருவர், நான் எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "நைலான் கயிறு நனைஞ்சா தளரும்மா. மழ வந்தா எழுந்து இழுத்துக் கட்டு." ஒரு கம்பியில் சுற்றி, இழுத்தால் இறுகி, முடிச்சைக் கையால் நகர்த்தினால் மட்டும் தளர்கிற மாதிரி ஒரு முடிச்சும் போட்டுக் காட்டினார். இரண்டாவது ராத்திரி மழையில் பக்கத்து டென்ட்டுகளின் மேல்துணி தொய்ந்து தண்ணீர் தேங்கி நின்றது. நாங்கள் எழுந்து ஆறு கயிற்றையும் ஒரு விரல்கடை இறுக்கினோம், தண்ணீர் வழிந்து போய்விட்டது. அந்த ஒரு முடிச்சை வீட்டில் இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள்.

கேமரன் மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்: ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கும். மார்கழியிலேயே போர்வை தேடுகிற நமக்கு அது நல்ல குளிர். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், சாக்ஸ், முக்கியமாக அடியில் போட ஒரு கூடுதல் பாய். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும்.

5. மொட்டை மாடியில் ஒரு ராத்திரி

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால், வாங்கிய அல்லது இரவல் வாங்கிய டென்ட்டை மாடியில் போட்டு, குடும்பம் முழுக்க ஒரு ராத்திரி அங்கேயே படுங்கள். வாடகை டென்ட் எடுக்கப் போகிறவர்களும் யாரிடமாவது கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

சிமெண்ட் தரையில் ஆணி அடிக்க முடியாது. இருபது லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி நான்கு மூலைக்கும் வைத்துக் கயிற்றை அதில் கட்டலாம். முதல் முறை எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது, யார் கம்பியைப் பிடிப்பது, யார் துணியை இழுப்பது என்று தெரியாமல் நான்கு பேரும் ஒரே மூலையில் நின்றோம். மூன்றாவது முறை பதினைந்து நிமிடம். மலேசியாவில் வருடம் முழுக்க ஏழு, ஏழரைக்குள் இருட்டிவிடும், அந்த முப்பத்தைந்து நிமிட வித்தியாசம் அங்கே பெரிது.

டென்ட் நின்றதும் மேலே மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரே இடத்தில் இல்லாமல் தையல் போகிற வழியெல்லாம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். எங்கள் டென்ட்டில் என் மகள்தான் கண்டுபிடித்தாள்: பின்பக்க மூலையில், மூன்று தையல் சேருகிற இடத்தில், ஒரு கடுகு அளவு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை, பெரிதாகிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழே தலையணையில் சொட்டியது. தையலுக்குப் பூசுகிற பசை வாங்கி உள்பக்கம் இரண்டு முறை பூசி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம்.

அப்புறம் ராத்திரிப் பரீட்சை. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விளக்குப் போடாமல் நான்கு பொருளைத் தேடி எடுங்கள்: டார்ச், தண்ணீர், காய்ச்சல் மருந்து, சின்னவளுக்கு மாற்று உடை. கிடைக்கவில்லை என்றால் பை அடுக்கிய விதம் தப்பு. எல்லாச் சட்டையும் ஒரு பையில், எல்லா மருந்தும் ஒரு பையில் என்று பொருள்வாரியாக அடுக்குகிற வழக்கத்தை விட்டு, ஆளுக்கு ஒரு பை, பொதுவுக்கு ஒரு சின்னப் பை என்று நாங்கள் மாற்றியது அந்த ராத்திரிக்கு அப்புறம்தான். பொதுப் பை எப்போதும் கதவுக்கு இடது பக்கம். ஊர் மாறினாலும் இடம் மாறாது.

பயப்படுகிற பிள்ளைக்கும் இந்த ராத்திரி உதவும். வீட்டு மாடியில் ஒரு முறை அழுது, எழுந்து, சமாதானமாகித் தூங்கிய பிள்ளை, காட்டுச் சத்தத்தில் சீக்கிரம் தேறிவிடுகிறது.

6. விமானத்தில் ஏற்றக் கூடாதவை

கேம்பிங் கேஸ் சிலிண்டர் எந்தப் பையிலும் கூடாது. அங்கே ஹார்டுவேர் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும், இறங்கிய பிறகு வாங்குங்கள். ஏற்கனவே பயன்படுத்திய அடுப்பில் கேஸ் வாசனை இருந்தால் அடுப்பையே எடுத்துவிடுவார்கள், அதனால் அதையும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

லைட்டர், தீப்பெட்டி, கொசு மருந்து ஸ்ப்ரே வேண்டாம். பயணத்துக்கு முன் சாமி கும்பிட வைத்த கற்பூரம் பையோடு வந்துவிடும், அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், கூடாது. கொப்பரைத் தேங்காயும் அப்படியே, அதில் எண்ணெய் அதிகம்.

கத்தி, டென்ட் ஆணி, சுத்தியல் எல்லாம் செக்-இன் பையில். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. 20,000 எம்.ஏ.எச். வரை உள்ளது பொதுவாக விமானத்தில் அனுமதிக்கிற 100 வாட்-மணி வரம்புக்குள் வந்துவிடும், ஆனால் மேலே அச்சிட்ட அளவு அழிந்துபோன பவர் பேங்கை நிறுத்திவிடுவார்கள். ஊறுகாய் செக்-இன்னில், இரண்டு கவர் போட்டு.

கைத் தூக்குத் தராசு ஒன்று வாங்கி வீட்டிலேயே எடை பாருங்கள். கவுண்டரில் பையைப் பிரித்து மாற்றும்போதுதான் பவர் பேங்க் செக்-இன்னுக்குள்ளும் கத்தி கைப்பைக்குள்ளும் போய்ச் சேருகிறது.

7. சாப்பாடு

ஐந்து கிலோ அரிசியோடு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் நம் மளிகைக் கடை மாதிரியே இருக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வறுத்த ரவை, அவல் போதும். முதல் நாள் மழையில் அடுப்புப் பற்றாமல் போனாலும் அவலை ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

கருவாடு வேண்டாம், காசிமேட்டுக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவர்களுக்கும் சொல்கிறேன். இறைச்சி, மீன், பழம், விதை, செடி இவற்றுக்கெல்லாம் நுழைவில் கட்டுப்பாடு உண்டு. அதோடு அந்த வாசனைக்குக் குரங்கும் காட்டுப்பன்றியும் டென்ட் தேடி வரும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே அது தடை செய்த பொருள்.

8. கார், போன்

கார் ஓட்டப் போகிறவர் நம் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும், நம் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். அங்கேயும் இடது பக்கம்தான். குழந்தை இருக்கை கட்டாயம், காரோடு சேர்த்தே கேளுங்கள். சுங்கச்சாவடிக்கு டச் அண்ட் கோ கார்டு. பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும், மேப்பை ஓட்டலிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். பிளக் மூன்று தட்டைப் பின், அடாப்டர் வேண்டும். அவசர எண் 999, பெரிய பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.

9. மருந்து, பூச்சி, இன்சூரன்ஸ்

மருந்தைப் பட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுங்கள், டப்பாவில் கொட்டி எடுக்காதீர்கள். போதைப் பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமை, பெயர் தெரியாத மாத்திரைக்கு விளக்கம் சொல்வது கஷ்டம். கொசுக் களிம்பு பகலிலும் பூச வேண்டும், டெங்கு கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும். உடம்பில் அட்டைப்பூச்சி ஒட்டினால் பிடித்து இழுக்காதீர்கள், அதன் மெலிந்த முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேம்பிங், மலை நடை இரண்டும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

10. கிளம்பும் நாள்

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ என்பதால் அதில் போய்விடலாம் என்று தோன்றும். பகல் விமானத்துக்குச் சரி. நடு ராத்திரி விமானத்துக்குக் கிளம்பும்போது பெரிய மூட்டைகளோடு ஸ்கேனரில் நிறுத்தப்பட்டால் நேரம் போய்விடும், வண்டியே நல்லது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தவர்கள் கன்டெய்னர் லாரி வரிசைக்காக ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

11. தளத்தில் முதல் ஒரு மணி நேரம்

முதலில் தார்ப்பாய், அதற்குக் கீழே டென்ட், அப்புறம்தான் சமையல். தார்ப்பாய் இருந்தால் மழையிலும் டென்ட் போடலாம். பசிக்கிறது என்று அடுப்பை முதலில் பற்றவைத்த குடும்பங்கள்தான் நனைந்த படுக்கையில் படுத்தன. டென்ட்டின் வாசல் சரிவுக்கு எதிர்ப்பக்கம், மேலே காய்ந்த கிளை இல்லாத இடம்.

கரி அடுப்பையோ கொசுவர்த்தியையோ டென்ட்டுக்குள் கொண்டுபோகவே கூடாது. கரிப் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழவே மாட்டார்கள்.

ஆற்றில் இறங்கும் முன் பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்லுங்கள். மலையில் மேலே மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் சுவர் மாதிரி வந்துவிடும். மலாயில் அதற்குப் பெயர் 'கெபாலா ஆயிர்', தண்ணீரின் தலை. தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ செருப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும். நாங்கள் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்வோம். அந்தக் கல் நனைந்தால் எல்லாரும் மேலே, கேள்வி கிடையாது. ஒரு பெரியவர் எப்போதும் குளிக்காமல் கரையிலேயே இருப்பார், பார்ப்பது மட்டுமே அவர் வேலை.

12. திரும்பி வந்ததும்

ஈர டென்ட்டை உறைக்குள் போட்டுப் பரண்மேல் வைத்தால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் சில நாளிலேயே கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும், அந்த வாசனை அப்புறம் போகாது. வந்த மறுநாளே மாடியில் விரித்து, சோப்பு இல்லாமல் தண்ணீரில் மண்ணைக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். கொளுத்துகிற வெயிலில் போட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும்.

ஆணியில் ஒட்டிய மண்ணையும் செருப்பின் அடியையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். அடுத்த முறை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போனால் டென்ட்டையும் காட்டில் நடந்த ஷூவையும் நுழையும்போதே எழுதித் தெரிவிக்க வேண்டும், நியூசிலாந்தில் சொல்லாமல் விட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். எங்கள் ஆணிப் பை கழுவிக் காய்ந்து, எண்ணி, இருபத்திரண்டு ஆணியோடு தார்ப்பாய்க்குள் சுருட்டி வைத்திருக்கிறது. இரண்டு குறைகிறது, காசிமேட்டுப் பக்கம் போகும்போது வாங்க வேண்டும்.